புற்றுநோய் மருத்துவச் சோதனைகளின் வடிவமைப்பு

புற்றுநோய் மருத்துவச் சோதனை என்பது, புற்றுநோய்க்கான ஒரு புதிய மருந்தோ அறுவை முறையோ கதிர்வீச்சு முறையோ, ஏற்கனவே வழக்கிலுள்ள சிகிச்சையைவிட நோயாளிக்கு உண்மையிலேயே நன்மை தருகிறதா என்பதை மனிதர்களிடத்தில் திட்டமிட்டு ஆராயும் ஆய்வு ஆகும். மருத்துவமனை வழக்கில் இது கிளினிக்கல் டிரையல் என்றே அழைக்கப்படுகிறது. யாரைச் சேர்ப்பது, எதனுடன் ஒப்பிடுவது, எதை அளப்பது, எத்தனை பேர் தேவை, எப்போது நிறுத்துவது ஆகிய கேள்விகளுக்குச் சோதனை தொடங்கும் முன்பே எழுத்து வடிவில் விடையளிப்பது சோதனை வடிவமைப்பு எனப்படும். முடிவுகள் வந்தபின் இவ்விடைகளை மாற்றினால், விரும்பிய முடிவை எவரும் எட்டிவிட முடியும் என்பதாலேயே அவை முன்கூட்டியே எழுதப்படுகின்றன.

ஆய்வுக்கூடத்தில் புற்றணுக்களைக் கொல்லும் பொருள்கள் ஏராளம். எலியின் கட்டியைச் சுருக்கும் பொருள்களும் பல. ஆனால் மனிதச் சோதனைக்கு வரும் புற்றுநோய் மருந்துகளில் பெரும்பாலானவை ஒப்புதல் பெறும் நிலையை எட்டுவதில்லை. நம்பிக்கை தரும் மருந்துக்கும் பயன் தரும் மருந்துக்கும் இடையே உள்ள தொலைவை அளக்கும் கருவி மருத்துவச் சோதனையே.

பின்புலம்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட், மார்பகப் புற்றுநோய்க்கு ஒரு கடுமையான அறுவை முறையை நிலைநாட்டினார். மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்கள் அனைத்தையும் ஒருசேர அகற்றுவது அம்முறை. புற்று ஓரிடத்தில் தோன்றிப் பக்கத்து இடங்களுக்கு வரிசையாகப் பரவுகிறது. எனவே எவ்வளவு அகலமாக வெட்டியெடுக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது அதன் அடிப்படைக் கருத்து. கேட்பதற்குப் பொருத்தமாக இருந்த இக்கருத்து பல பத்தாண்டுகள் அமெரிக்காவில் கோலோச்சியது. தோள் அசைவு குன்றி, கை வீங்கி வாழ்ந்த பெண்கள் மிகப் பலர்.

1971இல் பெர்னார்டு ஃபிஷர் தலைமையில் பல மருத்துவமனைகள் இணைந்து பி-04 எனப்படும் சோதனையைத் தொடங்கின. 1,665 பெண்கள் சேர்க்கப்பட்டு, ஒரு பகுதியினருக்கு ஹால்ஸ்டெட் முறையும் ஏனையோருக்கு மார்பகத்தை மட்டும் அகற்றும் எளிய முறைகளும் செய்யப்பட்டன. 25 ஆண்டுக் கண்காணிப்புக்குப் பின் 2002இல் வெளியான முடிவின்படி, உயிர்வாழ்வில் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதுவும் இல்லை. 1976இல் தொடங்கிய பி-06 என்ற அடுத்த சோதனை, தொடக்க நிலையில் கட்டியை மட்டும் அகற்றிக் கதிர்வீச்சு தருவதும் மார்பகம் முழுவதையும் அகற்றுவதும் உயிர்வாழ்வைப் பொறுத்தவரை சமமே எனக் காட்டியது.

இச்சோதனைகள் பின்பற்றிய முறை காசநோய் ஆய்விலிருந்து வந்தது. 1948இல் பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வெளியிட்ட ஸ்ட்ரெப்டோமைசின் சோதனையில், எந்த நோயாளிக்கு மருந்து கொடுப்பது என்பதை மருத்துவர் தீர்மானிக்கவில்லை. புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்டு ஹில் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு வகுத்த பட்டியல், மூடிய உறைகளுக்குள் இருந்தது. இம்முறை சென்னைக்கும் விரைவிலேயே வந்தது. 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், வீட்டிலிருந்தபடி மருந்து உண்பதையும் காசநோய் இல்லத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவதையும் சமவாய்ப்பு முறையில் ஒப்பிட்டது. வீட்டுச் சிகிச்சை பின்தங்கவில்லை என்ற அதன் முடிவு உலகெங்கும் காசநோய் இல்லங்களின் தேவையைக் குறைத்தது.

ஒப்பீடு ஏன் தேவை: மஜ்ஜை மாற்றுச் சிகிச்சையின் கதை

ஒப்பீட்டுக் குழு இல்லாமல் ஒரு சிகிச்சையை மதிப்பிட்டால் என்ன நேரும் என்பதற்கு, 1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அளிக்கப்பட்ட உயர் அளவு வேதிச்சிகிச்சை மிகச் சிறந்த எடுத்துக்காட்டு ஆகும்.

வேதிச்சிகிச்சை (கீமோதெரபி) மருந்துகள் வேகமாகப் பிரியும் அணுக்களைக் கொல்பவை. புற்றணுக்களுடன் இரத்த அணுக்களை உருவாக்கும் எலும்பு மஜ்ஜையும் அழிவதால், மருந்தின் அளவை ஓர் எல்லைக்கு மேல் கூட்ட முடிவதில்லை. நோயாளியின் மஜ்ஜையை முதலில் எடுத்துப் பாதுகாத்து, பின்னர் வழக்கத்தைவிடப் பல மடங்கு மருந்து கொடுத்து, இறுதியில் அதே மஜ்ஜையைத் திரும்பச் செலுத்தினால் இந்த எல்லையைத் தாண்டலாம். சில இரத்தப் புற்றுநோய்களில் இது பயன் தந்திருந்தது. குறைந்த அளவு மருந்து கட்டியைச் சுருக்குகிறது என்றால் மிகுந்த அளவு அதை ஒழித்துவிடும் என்று எதிர்பார்ப்பதும் இயல்பே.

முதலில் நடந்த ஆய்வுகள் ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. அவற்றில் சேர்ந்த பெண்கள் முந்தைய ஆண்டுகளின் பதிவேடுகளில் இருந்த பெண்களைவிட நீண்ட காலம் நலமாக இருந்தனர். செய்தி பரவியது. சிகிச்சைச் செலவு ஒருவருக்கு ஒரு லட்சம் டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ ஆயிற்று. ஆய்வு நிலையிலுள்ள சிகிச்சை என்று கூறிக் காப்பீட்டு நிறுவனங்கள் பணம் தர மறுத்தபோது வழக்குகள் எழுந்தன. 1993இல் கலிபோர்னியாவில் ஒரு வழக்கில், இறந்துபோன பெண்ணின் குடும்பத்துக்கு 8.9 கோடி டாலர் வழங்குமாறு நடுவர் குழு தீர்ப்பளித்தது. அதன்பின் பெரும்பாலான நிறுவனங்கள் பணம் தரத் தொடங்கின. சில மாநிலங்கள் சட்டமும் இயற்றின.

இதற்கிடையில் 1990 அளவில் சமவாய்ப்புச் சோதனைகள் தொடங்கப்பட்டிருந்தன. ஆனால் அவற்றில் சேர ஆள் கிடைக்கவில்லை. சோதனைக்கு வெளியே கேட்டவுடன் கிடைக்கும் சிகிச்சைக்காக, பாதி வாய்ப்பு மட்டுமே தரும் குலுக்கலில் ஏன் பங்குகொள்ள வேண்டும் என்று நோயாளிகள் நினைத்தனர். மருத்துவர் பலரும் அவ்வாறே நினைத்தனர். பிலடெல்பியாவை மையமாகக் கொண்ட சோதனை தேவையான எண்ணிக்கையை எட்ட 1990 இறுதியிலிருந்து 1997 இறுதி வரை ஏழு ஆண்டுகள் ஆயின. அந்த ஆண்டுகளில் பல்லாயிரம் பெண்கள் சோதனைக்கு வெளியே இச்சிகிச்சையைப் பெற்றனர்.

1999 மே மாதம் அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கத்தின் கூட்டத்தில் ஐந்து சமவாய்ப்புச் சோதனைகளின் முடிவுகள் அறிவிக்கப்பட்டன. நான்கில் உயிர்வாழ்வு மேம்படவில்லை. தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்கிலிருந்து வெர்னர் பெஸ்வோடா அளித்த ஐந்தாவது மட்டும் பெரும் நன்மையைக் காட்டியது. அதே முறையைத் தாங்களும் மேற்கொள்ள விரும்பிய அமெரிக்க ஆய்வாளர்கள், 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் அங்கு சென்று நோயாளிப் பதிவுகளைச் சரிபார்த்தனர். அறிவிக்கப்பட்டதற்கும் பதிவுகளுக்கும் பொருத்தமில்லை. பெஸ்வோடா தம் அறிவியல் நேர்மைத் தவறை ஒப்புக்கொண்டார். அவருடைய 1995ஆம் ஆண்டுக் கட்டுரையும் பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

பிலடெல்பியா சோதனையின் முழு முடிவு 2000 ஏப்ரலில் வெளியாயிற்று. பரவிய மார்பகப் புற்றுநோயுடன் இதில் சேர்ந்தோர் 553 பேர். தொடக்க வேதிச்சிகிச்சைக்குப் பலனளித்தவர்களில் 199 பேர் இரு குழுக்களாகப் பகிரப்பட்டனர். மூன்று ஆண்டுகளுக்குப் பின் உயிருடன் இருந்தோர் மஜ்ஜை மாற்றுக் குழுவில் 32 விழுக்காடு, வழக்கமான சிகிச்சைக் குழுவில் 38 விழுக்காடு. இவ்வேறுபாடு தற்செயலாகவும் நேரக்கூடிய அளவிலானது. ஆனால் எதிர்பார்த்த பெரும் நன்மை இல்லை என்பது தெளிவாயிற்று. நோய் பரவாத, ஆனால் திரும்பும் ஆபத்து மிகுந்த பெண்களில் நடந்த 15 சோதனைகளின் 6,210 பேரை ஒருங்கே ஆராய்ந்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், நோய் திரும்புவது சற்றுத் தள்ளிப்போனாலும் மொத்த உயிர்வாழ்வு நீளவில்லை.

அப்படியாயின் தொடக்க ஆய்வுகளில் தெரிந்த நன்மை எங்கிருந்து வந்தது? இக்கடுஞ்சிகிச்சையைத் தாங்கக்கூடிய பெண்களே அவற்றில் சேர்க்கப்பட்டனர். அவர்கள் இளையவர்கள், இதயமும் சிறுநீரகமும் நன்றாக இருந்தவர்கள். சேர்க்கும் முன் செய்த நுணுக்கமான பரிசோதனைகளில் மறைந்திருந்த பரவல் தெரியவந்தோர் விலக்கப்பட்டனர். டெக்சாசில் வழக்கமான சிகிச்சை மட்டுமே பெற்ற 1,581 நோயாளிகளின் பதிவுகளை 1997இல் ஆராய்ந்தபோது இது எண்களில் தெரிந்தது. அவர்களுள் உயர் அளவுச் சிகிச்சைக்குத் தகுதி பெற்றிருக்கக்கூடியவர்களின் இடைநிலை உயிர்வாழ்வு 30 மாதங்கள், ஏனையோருக்கு 17 மாதங்கள். இரு பிரிவினரும் மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை பெறாதவர்கள். சிகிச்சையின் வெற்றியாகத் தோன்றியது, பெருமளவு தேர்வின் விளைவே ஆகும்.

சமவாய்ப்புப் பகிர்வு

மேற்கண்ட சிக்கலுக்குத் தீர்வு சமவாய்ப்புப் பகிர்வு ஆகும். தகுதியுள்ள நோயாளிகளை முதலில் சேர்த்து, அதன்பின் யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கல் போன்ற ஒரு முறையால் தீர்மானித்தால், வயது, உடல்நிலை, நோயின் வீரியம் ஆகியவை இரு குழுக்களிலும் ஏறக்குறைய ஒத்திருக்கும். நாம் அறிந்த காரணிகளை வேறு வழிகளிலும் சமப்படுத்தலாம். நாம் அறியாத காரணிகளையும் சமப்படுத்துவது குலுக்கல் ஒன்றே.

அடுத்து வரும் நோயாளிக்கு எந்தச் சிகிச்சை விழும் என்பது சேர்க்கும் மருத்துவருக்கு முன்கூட்டியே தெரியக்கூடாது. தெரிந்தால், நலிந்த நோயாளியைச் சேர்க்காமல் அடுத்த முறைக்குத் தள்ளிவைக்கும் சபலம் ஏற்படும். இக்காரணத்தால் பகிர்வு இப்போது தொலைவிலுள்ள ஒரு மையத்தின் கணினி வழியாகவே நடைபெறுகிறது.

பகிர்ந்தபின் நோயாளி எந்தக் குழுவில் இடப்பட்டாரோ அந்தக் குழுவிலேயே கணக்கிடப்பட வேண்டும் என்பதும் முக்கியமான விதி. மஜ்ஜை மாற்றுக்கு ஒதுக்கப்பட்டு, அது நடப்பதற்கு முன்பே நோய் முற்றி இறந்த ஒருவரைக் கணக்கிலிருந்து நீக்கினால், அக்குழு செயற்கையாக நன்றாகத் தோன்றும்.

மருந்துப்போலி குறித்துப் பொதுமக்களிடையே ஒரு தவறான கருத்து உண்டு. புற்றுநோய்ச் சோதனையில் சேர்ந்தால் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை கொடுத்துவிடுவார்கள் என்பதே அது. பயனுள்ள சிகிச்சை ஏற்கனவே இருக்குமானால், ஒப்பீட்டுக் குழுவுக்கு அச்சிகிச்சை அளிக்கப்படுவதே முறை. மருந்துப்போலி பயன்படும் இடங்களிலும் பெரும்பாலும் வழக்கமான சிகிச்சையுடன் சேர்த்தே தரப்படுகிறது. ஒப்பீட்டுக் குழுவுக்கு வேண்டுமென்றே பழைய, வலுக்குறைந்த சிகிச்சையைத் தருவதும் ஒரு வகை ஏமாற்றே. முடிவைப் படிப்போர் புதிய மருந்தின் பெயரைப் பார்ப்பதற்கு முன் அது எதனுடன் ஒப்பிடப்பட்டது என்று பார்ப்பது நல்லது.

சோதனையின் கட்டங்கள்

முதற்கட்டத்தின் நோக்கம் பாதுகாப்பான அளவைக் கண்டறிதல். மற்ற நோய்களின் மருந்துகள் நலமான தன்னார்வலர்களிடம் முதலில் சோதிக்கப்படுவது வழக்கம். ஆனால் புற்றுநோய் மருந்துகள் பெரும்பாலும் நச்சுத்தன்மை கொண்டவையாதலால், வேறு சிகிச்சை வழிகள் தீர்ந்துபோன நோயாளிகளிடமே முதலில் சோதிக்கப்படுகின்றன. நெடுங்காலமாக வழங்கும் எளிய விதி, மூன்று மூன்று பேராகச் சேர்ப்பது. மூவருக்குக் குறைந்த அளவு மருந்து தரப்படும். எவருக்கும் கடுமையான பக்க விளைவு இல்லையெனில் அடுத்த மூவருக்கு அளவு கூட்டப்படும். ஒருவருக்கு ஏற்பட்டால் அதே அளவில் மேலும் மூவர் சேர்க்கப்படுவர். இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டோருக்கு ஏற்பட்டால் அளவை உயர்த்துவது நிற்கும்.

நச்சு மிகுந்தால் பயனும் மிகும் என்ற பழைய வேதிச்சிகிச்சைக் காலத்து எண்ணத்தின் மேல் கட்டப்பட்ட விதி இது. குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் தாக்கும் இக்கால மருந்துகளுக்கு அவ்வெண்ணம் பொருந்துவதில்லை. நாட்பட்ட மைலாய்டு இரத்தப் புற்றுநோய்க்கான இமாடினிப் மருந்தின் முதற்கட்டச் சோதனையில் தாங்கும் அளவின் உச்சமே எட்டப்படவில்லை. தேவைக்கு மிகுந்த அளவு நோயாளிகளுக்குத் தரப்படுவதைத் தவிர்க்க, அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2021இல் ஆப்டிமஸ் என்னும் திட்டத்தைத் தொடங்கி, ஒன்றுக்கு மேற்பட்ட அளவுகளை ஒப்பிட்டுப் பார்க்குமாறு நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது.

இரண்டாம் கட்டம், மருந்துக்கு ஏதேனும் செயல் உண்டா என்று பார்ப்பது. பயனற்ற மருந்தை விரைவாகக் கைவிடுவதே இங்கு நோக்கம். 1961இல் எட்மண்ட் கெஹன் முன்வைத்த முறையில் முதலில் 14 நோயாளிகள் போதும். ஒரு மருந்து உண்மையில் 20 விழுக்காட்டினருக்குப் பலனளிக்கக்கூடியது எனக் கொள்வோம். ஒருவருக்குப் பலன் கிடைக்காமல் போகும் வாய்ப்பு 0.8. பதினால்வரில் ஒருவருக்குக்கூடப் பலன் கிடைக்காமல் போகும் வாய்ப்பு, 0.8ஐ 14 முறை பெருக்கினால் கிடைக்கும் 0.044, அதாவது நூற்றில் ஐந்துக்கும் குறைவு. ஆகவே 14 பேரில் ஒருவருக்கும் கட்டி சுருங்கவில்லையெனில் மருந்தைக் கைவிடலாம். 1989இல் ரிச்சர்டு சைமன் இதை மேம்படுத்தி அமைத்த இரு நிலை முறை பரவலாக வழங்குகிறது.

மூன்றாம் கட்டமே மேலே விளக்கப்பட்ட சமவாய்ப்பு ஒப்பீடு. மருந்து விற்பனைக்கு வந்தபின் நடைபெறும் கண்காணிப்பு நான்காம் கட்டம் எனப்படும்.

எதை அளப்பது

நோயாளிக்கு வேண்டியவை இரண்டு: நீண்ட காலம் வாழ்தல், நலமாக வாழ்தல். ஆனால் உயிர்வாழ்வுக் காலத்தை அளக்க ஆண்டுகள் பல ஆகும். எனவே கட்டி சுருங்குதல், நோய் முன்னேறாமல் நிற்கும் காலம் போன்ற பதிலி அளவைகள் பயன்படுகின்றன. பதிலி அளவை மேம்பட்டால் உயிர்வாழ்வும் மேம்படும் என்பது பல நேரம் உண்மை. சில நேரம் இல்லை.

பெவாசிசுமாப் (வணிகப் பெயர் அவாஸ்டின்) இதற்கு ஒரு பாடம். பரவிய மார்பகப் புற்றுநோயில் பாக்லிடாக்செல் என்ற மருந்துடன் இதைச் சேர்த்தபோது, நோய் முன்னேறாக் காலம் 5.9 மாதங்களிலிருந்து 11.8 மாதங்களாக இரட்டித்தது. இதனை ஏற்று அமெரிக்க நிர்வாகம் 2008 பிப்ரவரியில் விரைவு ஒப்புதல் வழங்கியது. ஆனால் அதே சோதனையில் இடைநிலை உயிர்வாழ்வு 26.7 மாதங்களும் 25.2 மாதங்களுமாக ஏறத்தாழச் சமமாகவே இருந்தது. தொடர்ந்து வந்த சோதனைகளில் நோய் முன்னேறாக் காலத்தின் நன்மையும் சுருங்கியது. இரத்த அழுத்தம், இரத்தக்கசிவு போன்ற தீங்குகள் தொடர்ந்தன. மருந்தால் தாங்கள் உயிரோடிருப்பதாக நம்பிய பெண்கள் விசாரணையில் நேரில் வந்து முறையிட்டும், 2011 நவம்பரில் அப்பயன்பாட்டுக்கான ஒப்புதல் விலக்கப்பட்டது. ஐரோப்பிய அமைப்போ பாக்லிடாக்செலுடன் சேர்த்துப் பயன்படுத்துவதை நீடித்தது. ஒரே தரவைக் கண்டு இரு அமைப்புகள் இருவேறு முடிவுக்கு வந்ததிலிருந்து, அளவையைத் தேர்வது கணக்கு மட்டுமல்ல, எது நன்மை என்பது பற்றிய தீர்ப்பும் கூட என்பது புலனாகும்.

எத்தனை பேர், எப்போது நிறுத்துவது

உயிர்வாழ்வை அளக்கும் சோதனையின் வலிமை, சேர்ந்த நோயாளிகளின் எண்ணிக்கையைவிட நிகழ்ந்த இறப்புகளின் எண்ணிக்கையையே சார்ந்தது. கூறுவதற்குக் கடினமான உண்மை இது. இறப்பு விகிதத்தைப் பாதியாகக் குறைக்கும் மருந்தை, 80 விழுக்காடு வாய்ப்புடன் அடையாளம் காண ஏறத்தாழ 65 இறப்புகள் போதும். கால் பங்கு மட்டுமே குறைக்கும் மருந்துக்கு ஏறத்தாழ 380 இறப்புகள் வேண்டும். (இரு கணக்குகளும் வழக்கமான 5 விழுக்காடு பிழை எல்லையின்படி.) பயன் சிறிதாகச் சிறிதாக, சோதனை மிக வேகமாகப் பெரிதாகிறது.

இடையில் முடிவுகளைப் பார்க்காமல் ஐந்தாறு ஆண்டுகள் காத்திருப்பது அறமாகாது. ஆனால் அடிக்கடி பார்ப்பதிலும் ஓர் ஆபத்து உண்டு. இரு குழுக்களுக்கும் ஒரே சிகிச்சை தரப்படுவதாகக் கொள்வோம். இறுதியில் ஒருமுறை மட்டும் பார்த்தால், தற்செயலால் வேறுபாடு இருப்பதாகத் தவறாக முடிவு செய்யும் வாய்ப்பு 5 விழுக்காடு. சம இடைவெளிகளில் ஐந்து முறை பார்த்து, எல்லை தாண்டிய உடனே நிறுத்தினால் அவ்வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடாக உயரும். நிரல் எழுதத் தெரிந்தோர் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு சில வரிகளில் இதைத் தாமே செய்து பார்க்கலாம்; சொல்லக் கேட்பதைவிட அது நன்கு மனத்தில் பதியும்.

இதைத் தவிர்க்க, தொடக்கப் பார்வைகளுக்கு மிகக் கடுமையான எல்லையும் இறுதிப் பார்வைக்கு வழக்கத்தை ஒட்டிய எல்லையும் வகுக்கும் முறைகள் உள்ளன. 1979இல் ஓபிரையன், ஃபிளெமிங் ஆகிய இருவர் அளித்த முறை அவற்றுள் பெயர் பெற்றது. இடைக்கால முடிவுகளைச் சோதனையை நடத்துவோர் பார்ப்பதில்லை. அவர்களைச் சாராத தரவுக் கண்காணிப்புக் குழுவொன்று பார்த்து, தொடரலாமா நிறுத்தலாமா எனப் பரிந்துரைக்கும்.

ஒப்பீட்டுக் குழுவின் அறச்சிக்கல்

எந்தச் சிகிச்சை சிறந்தது என்பதில் மருத்துவ உலகில் நேர்மையான ஐயம் நிலவும்போதே சமவாய்ப்புப் பகிர்வு அறமாகும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட கொள்கை. தனிப்பட்ட மருத்துவர் ஒருவருக்குச் சாய்வு இருக்கலாம், துறை முழுமைக்கும் ஐயம் இருந்தால் போதும் என 1987இல் பெஞ்சமின் ஃபிரீட்மன் விளக்கினார். அந்த ஐயம் எப்போது தீர்ந்தது என்று முடிவு செய்வதில்தான் இடர் உள்ளது.

மெலனோமா என்னும் தோல் புற்றுநோயில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பிராஃப் என்ற மரபணுவில் ஒரு பிறழ்வு காணப்படுகிறது. அதனைக் குறிவைத்த வெமுராஃபெனிப் மருந்தின் தொடக்கச் சோதனையில், இறுதி அளவு தரப்பட்ட 32 பேரில் 26 பேருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. அப்போது வழக்கிலிருந்த டகார்பசின் என்ற மருந்தோ பத்தில் ஒருவருக்குப் பலனளித்தாலே பெரிது. இருந்தும் 2010 தொடக்கத்தில் இவ்விரண்டையும் ஒப்பிடும் மூன்றாம் கட்டச் சோதனை 675 நோயாளிகளுடன் நடைபெற்றது. நெருங்கிய உறவினரான இரு இளைஞர்கள் ஒரே சோதனையில் சேர்ந்து, ஒருவருக்குப் புதிய மருந்தும் மற்றவருக்குப் பழைய மருந்தும் விழுந்த செய்தி அவ்வாண்டு அமெரிக்க நாளேட்டில் வெளிவந்து பெரும் விவாதத்தைக் கிளப்பியது.

சோதனை வேண்டும் என்றோரின் வாதமும் எளிதில் தள்ளத்தக்கதன்று. சுருங்கிய கட்டிகள் சில மாதங்களில் மீண்டும் வளர்ந்தன. திரும்பிய நோய் முன்னிலும் வேகமாகக் கொல்லுமாயின், கட்டி சுருங்கியதால் வாழ்நாள் நீளாது. மஜ்ஜை மாற்றின் நினைவும் அவர்களுக்கு இருந்தது. முடிவு வந்தபோது ஆறாம் மாதத்தில் உயிருடன் இருந்தோர் 84 விழுக்காடும் 64 விழுக்காடும். கண்காணிப்புக் குழுவின் பரிந்துரைப்படி 2011 ஜனவரியில் ஒப்பீட்டுக் குழுவினருக்கும் புதிய மருந்து திறந்துவிடப்பட்டது. அதற்குள் அக்குழுவில் பலர் இறந்திருந்தனர்.

இங்கே குலுக்கல் வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, நோய் முன்னேறியபின் குழு மாற அனுமதிப்பதா என்பதே பயனுள்ள கேள்வி. இமாடினிப் மருந்தை இண்டர்ஃபெரானுடன் ஒப்பிட்ட 1,106 பேர் சோதனை 2000ஆம் ஆண்டில் தொடங்கியபோதே இவ்வனுமதியைத் தன் திட்டத்தில் கொண்டிருந்தது. 18 மாதங்களில், பிறழ்ந்த நிறப்புரி முற்றிலும் மறைந்தோர் 76.2 விழுக்காடும் 14.5 விழுக்காடும் எனத் தெரிந்தது. இண்டர்ஃபெரான் குழுவில் இருந்தோரில் பெரும்பாலோர் பின்னர் இமாடினிப்புக்கு மாறினர் அல்லது சோதனையிலிருந்து விலகினர். இதனால் இரு குழுக்களின் உயிர்வாழ்வை ஒப்பிடுவது மங்கிப்போனது உண்மை. அந்த விலையைக் கொடுப்பது தகும் என்றே தோன்றுகிறது, குறிப்பாக இரத்தத்தில் நேரடியாக அளக்கக்கூடிய வேறு அளவை இருக்கும்போது.

புதிய வடிவங்கள்

ஒரு பிறழ்வைக் குறிவைக்கும் மருந்தை, புற்று எந்த உறுப்பில் தோன்றினாலும் அப்பிறழ்வு உள்ள அனைவருக்கும் தந்து பார்ப்பது கூடை முறை எனப்படும். லாரோட்ரெக்டினிப் மருந்து இவ்வாறு பலவகைப் புற்றுகள் கொண்ட 55 பேரில் சோதிக்கப்பட்டு, 75 விழுக்காட்டினருக்குப் பலனளித்து, 2018 நவம்பரில் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மிக அரிதான பிறழ்வுகளுக்குச் சமவாய்ப்புச் சோதனை நடத்துமளவு நோயாளிகள் கிடைப்பதில்லை என்பதே இங்கு நியாயம்.

பல சிகிச்சைகளை ஒரே பொது ஒப்பீட்டுக் குழுவுடன் ஒப்பிட்டு, பயனற்றவற்றை இடையில் நீக்கி, புதியவற்றைச் சேர்த்துக்கொண்டே செல்வது மேடை முறை. 2005இல் பிரித்தானியாவில் தொடங்கிய ஸ்டாம்பீட் என்னும் புராஸ்டேட் புற்றுநோய்ச் சோதனை இதற்கு முன்னோடி. டோசிடாக்செல் (2016), அபிராடெரோன் (2017) ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே சேர்ப்பதால் வாழ்நாள் நீள்கிறது என்பது இதன் வழி தெரியவந்தது.

இந்தியாவில்

2007இல் இந்திய மருத்துவச் சோதனைப் பதிவகம் தொடங்கப்பட்டு, 2009 முதல் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. யாரும் இதன் இணையதளத்தில் ஒரு சோதனையின் நோக்கத்தையும் அளவைகளையும் படித்துப் பார்க்கலாம். தோல்வியடைந்த சோதனைகள் வெளியிடப்படாமல் மறைவதையும், முடிவைப் பார்த்தபின் அளவையை மாற்றுவதையும் கண்டறிய இது உதவும்.

திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு தொடங்கிய ஆய்வு, சிகிச்சையைவிடக் கண்டறிதலைப் பற்றியது எனினும் வடிவமைப்பு நோக்கில் குறிப்பிடத்தக்கது. கருப்பை வாய்ப் புற்றைப் புளிக்காடி (அசிட்டிக் அமிலம்) தடவிக் கண்ணால் பார்த்துக் கண்டறியும் எளிய முறையை அது சோதித்தது. ஒரே ஊரில் ஒரு பெண்ணுக்குப் பரிசோதனை செய்து அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு மறுப்பது இயலாதாகையால், தனிநபருக்குப் பதிலாக 114 ஊர்த் தொகுதிகள் குலுக்கலில் பகிரப்பட்டன. 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்கள் பங்குபெற்றனர். 2007இல் வெளியான முடிவில், பரிசோதிக்கப்பட்ட தொகுதிகளில் இப்புற்றால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்திருந்தது. ஒப்பீட்டுத் தொகுதிகளின் பெண்களுக்கு அக்காலத்தில் வழக்கிலிருந்த கவனிப்பு மட்டுமே கிடைத்தது. பயனுள்ள பரிசோதனை முறைகள் உலகில் ஏற்கனவே இருந்தபோது இது முறையா என்ற கேள்வி, இந்தியாவில் நடந்த இத்தகைய ஆய்வுகள் குறித்துப் பின்னர் எழுப்பப்பட்டது.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் நடந்து 2023இல் வெளியான சோதனை வேறொரு கேள்வியை எடுத்துக்கொண்டது. நிவோலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தின் வழக்கமான அளவு, இந்திய நோயாளிகளில் மிகப் பெரும்பாலோருக்கு எட்டாத விலை கொண்டது. முற்றிய தலை, கழுத்துப் புற்றுநோய் கொண்ட 151 பேரில், குறைந்த அளவு வாய்வழி மருந்துகள் மட்டும் ஒரு குழுவுக்கும், அவற்றுடன் மூன்று வாரத்துக்கு ஒருமுறை 20 மில்லிகிராம் நிவோலுமாப் மறு குழுவுக்கும் தரப்பட்டன. வழக்கமான அளவோ இரு வாரத்துக்கு 240 மில்லிகிராம். ஓராண்டுக்குப் பின் உயிருடன் இருந்தோர் 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4 விழுக்காடாக உயர்ந்தனர். குறைந்த அளவு முழு அளவுக்கு இணையானதா என்பதை இச்சோதனை காட்டவில்லை, அவ்விரண்டும் ஒப்பிடப்படவில்லை. முழு அளவை வாங்க இயலாதவருக்குக் குறைந்த அளவு, ஒன்றுமில்லாததைவிட மேலானதா என்பதே அது கேட்ட கேள்வி.